மணிக்கு 20 ரூபாய் 62 காசு!

'வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்' என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்களுக்கெல்லாம் வெளியே ஒரு ஆபீஸ் இருக்கும். ஏ.ஸி., சுழல் நாற்காலி, 'கொஞ்சம் பிஸி' என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொள்ள ஒரு கதவு... குழந்தை மட்டும் அங்கே இருக்காது.

விளம்பரப் படத்தில் வருகிற அம்மாவும் அப்படித்தான். மடியில் குழந்தை, மேஜையில் லேப்டாப், முகத்தில் சிரிப்பு. அந்தக் குழந்தை கீ-போர்டில் கை வைக்காது. மூக்கு ஒழுகாது. வாடிக்கையாளர் போனில் இருக்கும்போது பாத்ரூமிலிருந்து "அம்மா... முடிச்சிட்டேன்!" என்று கத்தாது. இந்த மாதிரிக் குழந்தை எங்கே கிடைக்கும் என்று நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் விலாசம் தருகிறேன்.

நான் கிட்டத்தில் பார்த்த வீட்டுத் தொழில் வேறு மாதிரி. எங்கள் குரோம்பேட்டைக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் நடக்கிறது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி. நடத்துகிறவருக்கு 'பொடி அக்கா' என்றே பெயராகிவிட்டது. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். பருப்பும் வத்தலும் மூட்டை மூட்டையாகப் புரளுகிற ஊர் இல்லையா? ஒரு பிடி உளுந்தை அள்ளிப் பார்த்தே புதுசா, பழசா என்று சொல்லிவிடுவார். பெரியவள் அஞ்சாம் கிளாஸ். சின்னவன் எல்.கே.ஜி. பன்னிரண்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் அவனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு நாள் மாடிப் படியில் மடக்கினார். "ஏம்மா, நீ பி.காம்.தானே? இந்த நோட்டைக் கொஞ்சம் பாரேன். வியாபாரம் நல்லாத்தான் போகுது. கையிலதான் காசு நிக்க மாட்டேங்குது."

பி.காம். படித்தவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. டாக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுகிற மாதிரி, எங்களைக் கண்டால் நோட்டை நீட்டுவார்கள்.

நீட்டப்பட்டது ஒரு பழைய ரஃப் நோட்டு. முன் பக்கம் மகளின் வாய்ப்பாடு, பின் பக்கம் அம்மாவின் வியாபாரம். 10 கிலோ இட்லிப் பொடிக்கு எழுதியிருந்த கணக்கு இது:

உளுந்து, கடலைப் பருப்பு, வத்தல், எள், பெருங்காயம், உப்பு - 2,400
மில் கூலி - 200
கேஸ் - 150
கவர் 40 - 240
லேபிள் 40 - 80
ஆக மொத்தம் - 3,070

கால் கிலோ பாக்கெட் 40. ஒன்று 100 ரூபாய். வரவு 4,000. லாபம் 930!

(ஆச்சரியக்குறி அக்கா போட்டது.)

"நாப்பது பாக்கெட்டும் வித்துச்சாக்கா?"

"வித்துச்சு... ஒரு ஆறு தவிர."

"அந்த ஆறு?"

"நாத்தனாருக்கு ரெண்டு. மேல் வீட்டுக்கு டேஸ்ட் பார்க்க ஒண்ணு. கொரியர் தம்பிக்கு ஒண்ணு, பாவம் வெயில்ல வருது. அசோஸியேஷன் செக்ரட்டரிக்கு ஒண்ணு. வத்தல் நெடி வருதுன்னு கம்ப்ளெய்ண்ட் ஆயிடக் கூடாதில்ல?"

"ஆறாவது?"

"சின்னவன் பக்கெட் தண்ணியில கரைச்சிட்டான்."

காஸ்டிங் பாடத்தில் 'நார்மல் லாஸ்', 'அப்நார்மல் லாஸ்' என்று இரண்டு வரும். எப்படியும் ஆகக்கூடிய சேதாரம் நார்மல். எதிர்பாராமல் ஆவது அப்நார்மல். எல்.கே.ஜி. பையன் இருக்கிற வீட்டில் பொடி பக்கெட்டில் கரைவது எந்த வகை? யோசிக்காமல் நார்மலில் சேர்த்தேன்.

ஆக, ஆறு பாக்கெட்டின் 600 ரூபாய் போக மிச்சம் 330.

"இந்தப் பத்துக் கிலோவுக்கு உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுக்கா?" என்றேன்.

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். "அதை யாரு கணக்குப் பண்ணா? வீட்ல சும்மா இருக்கிற நேரம்தானே?"

விடவில்லை. உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினோம். பருப்பைப் புடைத்துக் கல் பொறுக்க, வத்தலுக்குக் காம்பு கிள்ள 3 மணி. கடாய் கொள்கிற அளவுதான் ஒரு ஈடு என்பதால் ஈடு ஈடாக வறுத்து இறக்க 4 மணி. ஆற வைத்து மில்லுக்குப் போய், வரிசையில் நின்று வர 2 மணி. சலித்து, நிறுத்து, கவரில் போட்டு, சீல் வைத்து, லேபிள் ஒட்ட 4 மணி. போன், வாட்ஸப், 'காரம் கம்மியா ஒரு பாக்கெட் கிடைக்குமா?', கொரியர் எல்லாம் சேர்த்து 3 மணி.

மொத்தம் 16 மணி நேரம். 330-ஐ 16-ஆல் வகுத்தால் 20 ரூபாய் 62 காசு. எங்கள் முனைக் கடையில் ஒரு டீ குடித்தால் வடைக்குத் தேறாது.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டுக்காரங்க கிட்ட இதைச் சொல்லிடாதே" என்றார்.

* * *

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு லேபிள் ஒட்டுவதைப் பார்த்து, "எதுக்கு இந்தப் பாடு? விட்டுடேன்" என்று அன்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கூட உதவிக்கும் உட்காருவார். நாலாவது பாக்கெட்டில் குறட்டை வந்துவிடும். பார்ட்னர்ஷிப் பாடத்தில் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அங்கேதான்.

இந்த 20 ரூபாய் 62 காசு அவர் காதில் விழுந்தால் தொழிலுக்கு அன்றே மூடுவிழா. அக்காவுக்கோ அதை விட மனசில்லை.

"பிள்ளைக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கணும்னாக்கூட முன்னால எல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கணும். அவங்க இல்லேன்னு சொல்றவங்க இல்லை. ஆனா கேக்கணும்ல? இப்ப கேக்க வேண்டியதில்லை. அதுக்காகத்தான் செய்யறேன்."

இதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

ஆனால் வேறொரு பத்தி உண்டு. முதலாளியின் லாபம் வேறு, தொழிலாளியின் கூலி வேறு. இது காமர்ஸில் அரிச்சுவடி. அக்கா வீட்டுத் தொழிலில் முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். முதலாளியம்மா லாபத்தை மட்டும் ஆச்சரியக்குறியோடு எழுதிக்கொண்டார். தொழிலாளியம்மாவுக்குக் கூலியே எழுதவில்லை. மில்காரருக்கு 200 எழுதியிருக்கிறது. கவருக்கும் லேபிளுக்கும் விலை எழுதியிருக்கிறது. 16 மணி நேரம் நின்ற காலுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். மிளகாய்க்குக் கூட மரியாதை வந்தாயிற்று. அதை வறுத்து இருமுகிறவர் இன்னும் 'வீட்டில் சும்மா இருக்கிறவர்'தான்.

* * *

இந்தச் 'சும்மா'வை அரசாங்கமே அளந்து பார்த்திருக்கிறது. நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒரு சர்வே நடத்தியது. 2024-ல் எடுத்த கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிஷம். ஏறக்குறைய அஞ்சு மணி நேரம். ஆண்களுக்கு 88 நிமிஷம். (செய்கிற ஆண்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. சோபாவில் இருப்பவர்கள் இதில் சேர்த்தி இல்லை.)

இதே சர்வே 2019-ல் சொன்னது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. அஞ்சு வருஷத்தில் பெண்களுக்கு 10 நிமிஷம் மிச்சமாகியிருக்கிறது. அடடா என்று சந்தோஷப்படுவதற்குள் பார்த்தால், ஆண்களும் தங்கள் பங்குக்கு 9 நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அக்காவின் 16 மணி நேரம் இந்த 289 நிமிஷத்துக்கு உள்ளே வருவதில்லை, அதற்கு மேலே வருவது. சமையல், துவையல், ஹோம் ஒர்க், குளிப்பாட்டல் எல்லாம் முடிந்து மிச்சமிருக்கிற நேரத்தில்தான் உளுந்து வறுபடுகிறது.

வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு சம்பாதிப்பது யூ-ட்யூப் கண்டுபிடித்த சமாசாரமும் அல்ல. திருநெல்வேலிச் சீமையில், முக்கூடல் பக்கம் போய்ப் பாருங்கள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும், பக்கத்தில் தொட்டில். கை பாட்டுக்குப் பீடி சுற்றும், கால் பாட்டுக்குத் தொட்டிலை ஆட்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி போதுமா என்பது தனி வழக்கு. ஆனால் 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் எழுதியது. வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் வேலை வேலைதான் என்று சட்டத்துக்கே அப்போது தெரிந்திருக்கிறது.

இன்னும் நல்ல உதாரணம் பம்பாயில் இருக்கிறது. 1959 மார்ச் 15. கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி. ஏழு பெண்கள், கடன் வாங்கிய 80 ரூபாய், நாலு பாக்கெட் அப்பளம். அதுதான் 'லிஜ்ஜத்' அப்பளத்தின் ஆரம்பம். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

எல்லாரும் அந்த 80 ரூபாயைச் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். எனக்கு வியப்பு அதில் இல்லை, அவர்கள் வகுத்த முறையில். உறுப்பினர் காலையில் கிளைக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிப் போக வேண்டும். வீட்டில் வைத்து இட வேண்டும். மறுநாள் அப்பளத்தைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்தால் இட்ட கூலி கைக்கு வந்துவிடும். லாபம் வந்தால் அதில் பங்கு அப்புறம், தனியாக. முதலில் கூலி, பிறகு லாபம். ஏழு பேரும் பி.காம். படித்தவர்கள் இல்லை. நமக்கு அஞ்சு மார்க் கேள்வியாக வந்ததை அவர்கள் நடத்தியே காட்டினார்கள்.

* * *

அக்காவிடம் இதைச் சொன்னேன். நோட்டில் புதுசாக ஒரு வரி சேர்த்தோம். 'என் கூலி: 16 மணி × 75 = 1,200.' எழுதும்போது அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "என்னம்மா, எனக்கு நானே சம்பளம் போட்டுக்கறேன்!"

3,070-உடன் 1,200 சேர்த்தால் அடக்கம் 4,270. டேஸ்ட் பார்க்கவும் பக்கெட்டுக்கும் சேர்த்து இனி இரண்டே பாக்கெட். (நாத்தனார் மன்னிக்க.) மீதி 38. ஒரு பாக்கெட் 130 ரூபாய் என்றால் வரவு 4,940. கூலி 1,200 தனி. லாபம் 670 தனி.

"நூத்தி முப்பதா? ஆள் ஓடிப் போயிடும்மா!"

ஓடினார்கள். பொய் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர்களில் கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். ஒரு அம்மா வாசலில் நின்று, "வீட்ல பண்றதுதானே? கடை விலை சொல்றீங்களே!" என்றார்.

அக்கா மெதுவாகத்தான் கேட்டார்: "கடையில வறுத்தா கூலி உண்டு, வீட்ல வறுத்தா கிடையாதாம்மா?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பாக்கெட்டும் வாங்கவில்லை. பத்து நாள் கழித்து வேலைக்காரம்மாவை விட்டு இரண்டு வாங்கிப் போனார்.

மாசத்துக்கு நாலு தடவை பத்துக் கிலோ போட்டது மூன்று தடவையாகக் குறைந்தது. முன்னே நாலு தடவைக்கு 64 மணி நேரம் நின்று 1,320 ரூபாய். இப்போது மூன்று தடவைக்கு 48 மணி நேரம். கூலியும் லாபமுமாக 5,610 ரூபாய். மிச்சமான 16 மணி நேரத்தில் சின்னவனைப் பார்க்குக்குக் கூட்டிப் போகிறார். அதற்கு நோட்டில் வரி போட வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

இந்தக் கணக்கு எல்லாப் பண்டத்துக்கும் கட்டாது. அக்காவின் சாம்பார் பொடியில் கூலியை எழுதிப் பார்த்தால் விலை எங்கேயோ போயிற்று. அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. சாம்பார் பொடியை நிறுத்திவிட்டார். எதைச் செய்வது என்பதைக் கைமணம் சொல்லும். எதை நிறுத்துவது என்பதை இந்த ஒரு வரிதான் சொல்லும்.

* * *

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுத் தொழிலில் ஷிஃப்ட்டை நிர்ணயிக்கிறவர்கள் அவர்கள்தான். அக்கா வீட்டில் வத்தல் வறுப்பது ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை மட்டும். சின்னவன் வீட்டில் இருக்கும்போது வறுத்தால் நெடியில் இருமித் தள்ளிவிடுவான். சீலிங் மிஷின் பரண் மேல். அவன் தூங்குகிற நேரத்தில்தான் இறங்கும். ஆர்டர் போன் இரண்டு மணிக்கு மேல் என்று வாட்ஸப்பிலேயே போட்டுவிட்டார். ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டவர்கள் இப்போது இரண்டு மணிக்குச் சரியாகக் கூப்பிடுகிறார்கள்.

மே மாசம்தான் சோதனை. பருப்பும் வத்தலும் காயப் போட நல்ல வெயில் கிடைப்பது அந்த மாசம். பள்ளிக்கூடம் பிள்ளைகளை மொத்தமாக வீட்டுக்கு அனுப்புவதும் அந்த மாசம். இரண்டையும் ஒரே மொட்டை மாடியில் காய வைக்க முடியாது. அதனால் மே மாசம் ஒரே ஒரு தடவைதான் பொடி. ஃபாக்டரியில் இதை 'லே-ஆஃப்' என்பார்கள். வீட்டில் லீவு.

ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்குச் சில உபயோகமான தகவல்கள். வீட்டில் செய்து விற்கிற தின்பண்டம், பொடிக்கும் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். சின்ன வியாபாரிகளுக்கு வருஷம் 100 ரூபாய் கட்டணம் என்று 2011-ல் விதி வகுத்தார்கள். பாக்கெட்டில் அந்தப் பதிவு எண், எடை, விலை, தயாரித்த தேதி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். சிறு தொழில் என்று பதிந்துகொள்ள 2020 ஜூலை 1 முதல் 'உத்யம்' என்ற ஆன்லைன் பதிவு வந்திருக்கிறது. அரசாங்கம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. "ஆயிரம் கொடுங்க, முடிச்சுத் தரேன்" என்று யாராவது சொன்னால் ஒரு பாக்கெட் பொடி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டு சிலிண்டரில் வியாபாரம் செய்யக் கூடாது. அக்கா கமர்ஷியல் சிலிண்டர்தான் வைத்திருக்கிறார். அதனால்தான் நோட்டில் கேஸுக்குத் தனி வரி.

அடுத்து, வியாபாரத்துக்கென்று ஒரு தனி பாங்க் கணக்கு. பால் காசும் பொடிக் காசும் ஒரே டப்பாவில் இருந்தால் பால் காசுதான் ஜெயிக்கும்.

கடைசியாக அந்த ஒரு வரி. கேக், பொக்கே, பிளவுஸ், டியூஷன், ஊறுகாய் எதுவானாலும் சரி, விலை போடுவதற்கு முன்னால் 'என் கூலி' என்று எழுதுங்கள். மணிக்கு எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம். சைபர் மட்டும் போடாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் அக்கா புதுக் கணக்கைக் காட்டினாராம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "சீல் வைக்கிறதை இனிமே நான் பார்த்துக்கறேன்" என்றாராம். இப்போது பத்தாவது பாக்கெட் வரைக்கும் முழித்திருக்கிறாராம். முன்னேற்றம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது பெரியவள் தரையில் உட்கார்ந்து ஆசையாக லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பத்து ஒட்டியிருப்பாள். நிமிர்ந்து, "அம்மா, ஒரு லேபிளுக்கு எவ்வளவு தருவே?" என்றாள்.

அக்கா என்னை முறைத்தார். நான் மெல்லப் படியிறங்கிவிட்டேன்.